மிக்ஸிக்குள் ஒரு குடும்பம், ரவுட்டருக்குள் ஒரு காலனி! எலெக்ட்ரானிக் பொருள்களில் குடியேறும் குட்டிப் பூச்சிகளை வெளியேற்றுவது எப்படி?

இரவு 11 மணி. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போய் லைட்டைப் போடுகிறீர்கள். மைக்ரோவேவ் அவனின் டிஸ்ப்ளேயில் மணி ஒளிர்கிறது. அந்த எண்களுக்கு நடுவே இரண்டு மீசைகள் ஆடுகின்றன. கண்ணாடியின் மேலே இருக்கிறது என்று நினைத்துத் துணியால் துடைத்தால், போகவில்லை. ஆம், அது உள்ளே இருக்கிறது.

மிக்ஸி, இண்டக்‌ஷன் ஸ்டவ், ஃப்ரிட்ஜ், வாட்டர் ப்யூரிஃபையர், செட்டாப் பாக்ஸ், வைஃபை ரவுட்டர், காலிங் பெல் ஸ்விட்ச், மொட்டை மாடியில் இருக்கும் ஏ.சி-யின் வெளி யூனிட், போர் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி... கரப்பானும் எறும்பும் குடியேறாத மின்சாதனம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். சர்வீஸுக்கு வருகிற மெக்கானிக் பின்பக்கக் கவரைக் கழற்றியதும் பத்து, இருபது குட்டிக் கரப்பான்கள் ஹாலில் சிதறி ஓடும் அந்த நிமிடத்தைப் பல இல்லத்தரசிகள் மறக்கவே மாட்டார்கள். ‘வீட்டை இப்படியா வெச்சிருக்காங்க’ என்று அவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சத்திலேயே, ரிப்பேரான பொருளை யாருக்கும் காட்டாமல் பரணில் ஏற்றிவிடுகிறவர்களும் உண்டு.

கூச்சத்தைவிடப் பெரிய பிரச்னை பணம். கரப்பானின் எச்சமும் ஈரமும் சேர்ந்து சர்க்யூட் போர்டின் மெல்லிய செம்புக் கோடுகளை அரிக்கும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை இணைத்து ஷார்ட் ஆக்கும். இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜ், ஃப்ரன்ட் லோடு வாஷிங் மெஷின் போன்றவற்றில் ‘போர்டு போச்சு’ என்றால், சில ஆயிரங்கள் போச்சு என்று அர்த்தம். வாரன்டி இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. பூச்சி, எலி, பல்லி ஆகியவற்றால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று பல வாரன்டி அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கும். ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அப்படி என்னதான் இருக்கிறது உள்ளே?

ஒரு கரப்பானின் கண்ணால் உங்கள் ரவுட்டரைப் பாருங்கள். 24 மணி நேரமும் இளஞ்சூடு. வெளிச்சம் இல்லை. காற்றுப் போவதற்காக வைத்த மெல்லிய இடுக்குகள்தான் வாசல். துடைப்பமோ கையோ நுழைய முடியாது. பூனை, பல்லி தொல்லையும் குறைவு. இதைவிட நல்ல வாடகை வீடு எங்கே கிடைக்கும்?

சமையலறைப் பொருள்களில் சாப்பாடும் சேர்ந்துகொள்கிறது. மிக்ஸி ஜாரிலிருந்து வழிந்த சட்னி, மோட்டார் பகுதியின் மேல்குழியில் இறங்கிக் காய்ந்திருக்கும். இண்டக்‌ஷன் ஸ்டவ்வின் அடியில் இருக்கும் ஃபேன், தாளிக்கும்போது எழும் எண்ணெய்ப் புகையை உள்ளே இழுத்துப் பிசுக்காகப் படியவைக்கும். நமக்கு அது பிசுக்கு. கரப்பானுக்கு அதுவே விருந்து. ஃப்ரிட்ஜின் பின்பக்கம் இன்னும் விசேஷம். அங்கே சூடான கம்ப்ரஸர் இருக்கிறது. அதன் மேலேயோ பக்கத்திலேயோ உள்ளே உருகும் தண்ணீர் வந்து சேரும் சின்னத் தட்டு இருக்கிறது. ஆக, சூடு, இருட்டு, குடிநீர் மூன்றும் ஒரே இடத்தில். வாங்கிய நாளிலிருந்து அந்தத் தட்டை ஒருமுறைகூட வெளியே எடுத்துக் கழுவாத வீடுகள்தாம் அதிகம். பல வீடுகளில் அப்படி ஒரு தட்டு இருப்பதே தெரியாது.

பெயர் ஜெர்மன், ஊர் நம்ம பக்கம்!

பாத்ரூம் குழாய் வழியாக வரும் பெரிய சிவப்புக் கரப்பான் வேறு, மின்சாதனங்களுக்குள் குடித்தனம் நடத்தும் குட்டிக் கரப்பான் வேறு. பெரியதன் பெயர் அமெரிக்கக் கரப்பான். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. குட்டியின் பெயர் ஜெர்மன் கரப்பான். வளர்ந்தாலும் ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாது. வெளிர் பழுப்பு நிறம், தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள். இதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். ‘சின்னதா இருக்கு, பெரிய கரப்பானோட குட்டிதானே’ என்று அலட்சியமாக விட்டுவிடுவது பலரும் செய்யும் தவறு. அது குட்டி அல்ல, தனி இனம்.

1767-ல் லின்னேயஸ் இதற்கு ஜெர்மனியின் பெயரைச் சூட்டினார். ஆனால், 17 நாடுகளிலிருந்து 281 கரப்பான்களைச் சேகரித்து மரபணுக்களை ஆராய்ந்த ஒரு குழு 2024-ல் வேறு கதையைச் சொன்னது. சுமார் 2,100 ஆண்டுகளுக்கு முன்பு, இந்தியா அல்லது மியான்மர் பகுதியில், ஆசியக் கரப்பான் என்ற காட்டு இனத்திலிருந்து இது பிரிந்து மனிதர்களோடு ஒட்டிக்கொண்டதாம். பிறகு வணிகர்களின் மூட்டைகளிலும் கப்பல்களிலும் ஏறி உலகம் சுற்றியிருக்கிறது. ஐரோப்பாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஜெர்மன் பெயரோடு திரும்பியிருக்கும் நம்ம ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதன் பலமே பெருகும் வேகம்தான். ஒரு முட்டைப்பையில் 30 முதல் 40 முட்டைகள். மற்ற கரப்பான்கள் முட்டைப்பையை எங்கேயாவது ஒட்டிவிட்டுப் போய்விடும். இந்தப் பெண் கரப்பானோ பொரியும் நேரம் வரை அதை வயிற்றோடு சுமந்து திரியும். நம் ஊர்ச் சூட்டில் அந்தக் குஞ்சுகள் இரண்டு மாதங்களுக்குள் வளர்ந்து அடுத்த தலைமுறைக்குத் தயாராகிவிடும். டிஸ்ப்ளேயில் ஒன்று தெரிந்தால் உள்ளே ஒன்றுதான் இருக்கிறது என்று கணக்குப் போடாதீர்கள். பகலிலேயே வெளியில் நடமாடத் தொடங்கிவிட்டால், உள்ளே இடம் போதவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. இது அழுக்கு வீட்டுக்கு மட்டும் வருகிற பூச்சி என்பது உண்மையில்லை. மளிகைக் கடையின் அட்டைப்பெட்டி, வெங்காயச் சாக்கு, ஆன்லைன் பார்சல், பக்கத்து ஃப்ளாட்டோடு பகிரும் குழாய்ச் சந்து என எதன் வழியாகவும் வரும். அதனால், மெக்கானிக் முன்னால் தலைகுனிய வேண்டியதில்லை. வந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

முதலில் அந்த ஸ்பிரேவைக் கீழே வையுங்கள்

பூச்சியைப் பார்த்ததும் கை தானாகப் போவது ஸ்பிரே டப்பாவுக்குத்தான். ஆனால், மின்சாதனத்துக்குள் ஸ்பிரே அடிப்பதைப் போன்ற ஆபத்தான காரியம் வேறில்லை. டப்பாவிலிருந்து மருந்தைத் தள்ளிக்கொண்டு வருவது பெரும்பாலும் பியூட்டேன், புரொப்பேன் போன்ற வாயுக்கள். அதாவது, சமையல் கேஸின் சொந்தக்காரர்கள். மூடிய பெட்டிக்குள் அந்த வாயு தேங்கியிருக்கும்போது ஒரு ரிலே டிக்கென்று தட்டி ஒரு பொறி எழுந்தால் போதும். ஃப்ரிட்ஜின் பின்பக்கம், ஸ்விட்ச் பாக்ஸ், எரியும் அடுப்பின் பக்கம் ஆகிய மூன்றிலும் ஸ்பிரே கூடவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அடித்தாலும், மருந்தில் இருக்கும் எண்ணெய்க் கரைப்பான் போர்டில் படிந்து தூசியை இழுத்துக்கொள்ளும். சில பிளாஸ்டிக் பாகங்களை இளக்கியும் விடும்.

சரி, ஆபத்தைத் தாண்டி அடித்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். பலன்? மருந்து பட்ட நான்கு செத்துவிழும். பாக்கி எல்லாம் வாடை பிடிக்காமல் பக்கத்து மிக்ஸிக்கும் அலமாரிக்கும் இடம்பெயரும். ஒரு வீடு இரண்டு வீடாகும், அவ்வளவுதான்.

ஜெல் வைப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது

இன்று வீட்டு உபயோகத்துக்குக் கிடைப்பவற்றில் ஜெர்மன் கரப்பானுக்கு நன்றாக வேலை செய்வது ஜெல்தான். சிரிஞ்ச் போன்ற குழாயில் வரும். ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோப்ரிட் என்ற மருந்து, கரப்பானுக்குப் பிடித்த உணவோடு கலந்திருக்கும். இதைத் தின்றதும் கரப்பான் அந்த இடத்திலேயே சாகாது. கூட்டுக்குத் திரும்பிப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் மற்றவை தின்னும். குஞ்சுகள் அம்மாவின் எச்சத்தைத்தான் முக்கியமாகத் தின்று வளர்கின்றன. அப்படியே மருந்து கைமாறிக் கைமாறி, நம் கை எட்டாத இடத்துக்குப் போய்விடுகிறது. ரவுட்டரைத் திறக்காமலே ரவுட்டருக்குள் இருப்பவற்றைத் தீர்க்கும் வழி இது.

பலருக்கு இது வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் வைக்கும் முறைதான். ஓர் அரிசி மணி அளவு, அவ்வளவுதான் ஒரு புள்ளி. பெரிய உருண்டையாக நான்கு இடத்தில் வைப்பதைவிடச் சின்னப் புள்ளியாக இருபது இடத்தில் வைப்பதில்தான் பலன் அதிகம். மிக்ஸியின் அடியில் உள்ள சந்து இருக்கும் மூலை, ஃப்ரிட்ஜின் பின்பக்கச் சுவர், அலமாரிக் கதவின் கீல், சிங்க்கின் அடி, ப்யூரிஃபையர் மாட்டியிருக்கும் சுவரின் விளிம்பு... இப்படிப் பொருளைச் சுற்றி வையுங்கள். பொருளுக்குள்ளே, போர்டின் மேலே ஒருபோதும் வைக்காதீர்கள். சூடான காற்று வெளியேறும் துளையின் வாயிலும் வேண்டாம். அங்கே சீக்கிரம் காய்ந்து கல்லாகிவிடும். ஜெல் வைத்த இடத்தில் ஃபினாயிலோ ஸ்பிரேவோ பட்டால் கரப்பான் அந்தப் பக்கமே வராது. இந்த ஒரு விஷயத்தில்தான் அம்மா ஜெல் வைக்க, அப்பா ஸ்பிரே அடிக்க, இரண்டும் வீணாகிப் போகும்.

முதல் சில நாள்களில் செத்த கரப்பான்கள் நிறைய விழும். பயப்பட வேண்டாம், அதுதான் வேண்டும். ஆனால், பெண் கரப்பானின் முட்டைப்பைக்குள் இருப்பவற்றை ஜெல் தொடாது. அவை அடுத்த மூன்று, நான்கு வாரங்களில் பொரிந்து வரும். அதனால், மூன்றாவது வாரத்தில் ஒருமுறை புதுப் புள்ளிகள் வைத்தே ஆக வேண்டும். ‘முதல்ல போச்சு, திரும்ப வந்துடுச்சு’ என்று சொல்பவர்களில் பாதிப்பேர் இந்த இரண்டாவது சுற்றைத் தவறவிட்டவர்கள்.

‘எங்க வீட்டுக் கரப்பான் ஜெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்கலைங்க’ என்கிறவர்களும் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. குளுக்கோஸ் கலந்த மருந்துணவை ஒதுக்கும் ஜெர்மன் கரப்பான்களை 1993-லேயே அமெரிக்க ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். தலைமுறை தலைமுறையாக இனிப்பைத் தின்றவை செத்துப்போக, இனிப்பு பிடிக்காதவை மட்டும் தப்பிப் பிழைத்துப் பெருகியிருக்கின்றன. அந்தக் கரப்பான்களின் நாக்குக்குக் குளுக்கோஸ் கசக்கிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். (கரப்பானுக்கு நாக்கு கிடையாது, வாய்ப்பகுதியின் சுவை நரம்புகள் என்று படிக்கவும்.) ஆகவே, ஒரு ஜெல் எடுபடவில்லை என்றால், வேறு மருந்து உள்ள வேறு ஜெல்லுக்கு மாறுங்கள்.

குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் இருக்கும் வீடுகளில் கை எட்டாத சந்துகளில் மட்டும் வையுங்கள். வைத்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாட்டி காலத்துப் போரிக் பவுடர், சர்க்கரை, மைதா உருண்டையும் வேலை செய்யக்கூடியதுதான். ஆனால், அது பார்ப்பதற்குப் பலகாரம்போலவே இருக்கும் என்பதால் தவழும் குழந்தை உள்ள வீட்டுக்கு ஏற்றதில்லை. போரிக் பவுடரையோ மஞ்சள்தூளையோ மெஷினின் இடுக்கு வழியாக உள்ளே தூவுவதும் வேண்டாம். பொடி ஈரத்தை இழுத்துப் போர்டில் பசைபோல ஒட்டிக்கொள்ளும்.

கவருக்குள் கட்டிவைக்கலாம்... ஃப்ரீஸரில்?

ரவுட்டர், செட்டாப் பாக்ஸ், ரிமோட், பழைய டெலிபோன் போன்ற சின்னப் பொருள்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு பெரிய பிளாஸ்டிக் கவருக்குள் போடுங்கள். ஒரு சின்ன அட்டையில் இரண்டு ஜெல் புள்ளிகள் வைத்து அதையும் உள்ளே வைத்து, வாயை இறுக்கிக் கட்டிவிடுங்கள். மின்சாரம் இல்லாததால் சூடு போய்விடும். வேறு சாப்பாடும் தண்ணீரும் கிடையாது. இரண்டு வாரம் அப்படியே விட்டால் உள்ளே இருப்பவை ஜெல்லைத் தேடி வந்தே தீரும். பிறகு கவரோடு வெளியே எடுத்துப்போய் உதறிச் சுத்தம் செய்யுங்கள். இரண்டு வாரம் இன்டர்நெட் இல்லாமல் வீட்டில் யாரைச் சமாளிப்பது என்பது வேறு பிரச்னை!

அதற்கு இன்னொரு வழி, ஃப்ரீஸர். அருங்காட்சியகங்களில் புத்தகங்களையும் துணிகளையும் அரிக்கும் பூச்சிகளைக் கொல்ல இந்தக் குளிர் வைத்தியத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். மைனஸ் 30 டிகிரி என்றால் மூன்று நாள், வீட்டு ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரி என்றால் இரண்டு வாரம் வரை என்பது அவர்களின் கணக்கு. ஆனால், திரை உள்ள பொருள், லித்தியம் பேட்டரி உள்ள பொருள் எதையும் ஃப்ரீஸரில் வைக்கக் கூடாது. மற்றவற்றை வைத்தாலும் காற்றுப்புகாத கவரில்தான் வைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் கவரைத் திறக்கவே கூடாது. உடனே திறந்தால், குளிர்ந்த பாட்டிலின் மேல் வேர்ப்பதுபோலப் போர்டின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். தவிர, ஐஸ்கிரீமுக்குப் பக்கத்தில் கரப்பான் நிறைந்த ரவுட்டரை வைக்க மாமியார் சம்மதிப்பாரா என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைக்கிறேன் என்று பேட்டரியுள்ள பொருள்களைக் கொண்டுபோவதும் ஆபத்து.

திறக்கக் கூடாத பெட்டிகள்

யூடியூப் பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு உட்காருகிறவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைக்க வேண்டும். மைக்ரோவேவ் அவனை வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் தேங்கியிருக்க வாய்ப்பு உண்டு. உயிரையே எடுக்கக்கூடிய அளவு அது. பழைய பெட்டி டி.வி., இன்வெர்ட்டர் ஏ.சி-யின் போர்டு, யு.பி.எஸ். ஆகியவையும் இதே வகையறா. இவற்றில் பூச்சி இருந்தால் வெளியில் ஜெல், உள்ளே மெக்கானிக். இந்த எல்லையைத் தாண்ட வேண்டாம்.

மிக்ஸியின் அடித்தட்டு, ரவுட்டர் மூடி போன்றவற்றைத் திறக்கத் தெரிந்தவர்கள் திறக்கலாம். உள்ளே மிளகுத்தூள் கொட்டியதுபோலக் கிடப்பது கரப்பானின் எச்சம். அதை அப்படியே விட்டுவிட்டால், செத்தவை போன பின்னும் புதியவை வரும். ‘இது நம்ம இடம்’ என்று மற்ற கரப்பான்களைக் கூப்பிடும் வாசனை அந்த எச்சத்தில் இருக்கிறது. மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை பட்ஸில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூட வேண்டும். சானிட்டைஸர், பெட்ரோல், தின்னர் எதுவும் இதற்கு மாற்று இல்லை. மாஸ்க் போடாமல் புளோயரால் ஊதாதீர்கள். கரப்பானின் எச்சமும் உதிர்ந்த தோலும் கலந்த தூசி ஆஸ்துமாவைத் தூண்டும். குழந்தைகளை இதன் பக்கமே விடக் கூடாது.

காற்றுத் துளைகளை டேப் ஒட்டி அடைத்துவிடலாமே என்று தோன்றும். அடைத்தால் பூச்சிக்கு முன்னால் ரவுட்டர் சூட்டில் போய்விடும்.

ஸ்விட்ச்சைப் போட்டால் லைட் எரியாது, எறும்பு வரும்

ஐப்பசி அடைமழை தொடங்கியதும் எறும்புகளின் புற்றுகளில் தண்ணீர் புகுந்துவிடும். உலர்ந்த, சூடான இடம் தேடி அவை கிளம்பும். சுவருக்குள் ஓடும் வயர் குழாய்தான் அவற்றுக்குத் தேசிய நெடுஞ்சாலை. அது நேராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் ஸ்விட்ச் பாக்ஸ்.

ஒரு ஸ்விட்ச்சின் உள்ளே இருக்கும் இரண்டு உலோக முனைகள் தொட்டால்தான் மின்சாரம் பாயும். அந்த முனைகளுக்கு நடுவே ஓர் எறும்பு நசுங்கினால் தொடர்பு சரியாகக் கிடைக்காது. பொறி பறந்து முனை கருகும். கதை அதோடு முடிவதில்லை. மின்சாரம் தாக்கிய எறும்பு சாகும்போது ஆபத்துச் செய்தி சொல்லும் ஒரு வேதிப்பொருளை வெளியிடுகிறது. அதை முகர்ந்த மற்ற எறும்புகள் உதவிக்கு ஓடிவருகின்றன, அவையும் தாக்கப்படுகின்றன, இன்னும் எறும்புகள் வருகின்றன. அமெரிக்காவின் ஹூஸ்டன் பகுதியில் 2002-ல் டாம் ராஸ்பெரி என்ற பூச்சிக்கட்டுப்பாட்டாளர் கவனித்த ஒருவகைக் ‘கிறுக்கு எறும்பு’ இப்படித்தான் மின்பெட்டிகளில் குவியல் குவியலாகச் செத்து, ஏ.சி-களையும் பம்ப்புகளையும் நிறுத்தி உலகப் புகழ் பெற்றது.

நம் ஊரில் இதன் முழு வேதனையும் தெரிந்தவர்கள் விவசாயிகள்தாம். வயல்காட்டு மோட்டார் கொட்டகையில் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால், கான்டாக்ட் பாயின்ட்டுகளுக்கு நடுவே எறும்பும் மண்ணும் அடைந்து கிடக்கும். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை மட்டும் தொடாமல் போனால் மோட்டார் இரண்டு முனைகளிலேயே முனகிக்கொண்டு ஓடும். ஓவர்லோடு ரிலே சரியாக வேலை செய்து நிறுத்திவிட்டால் தப்பித்தது. இல்லையென்றால் காயில் கருகிவிடும். போர்வெல்லில் இருந்து மோட்டாரை மேலே தூக்கி, காயில் கட்டி, திரும்ப இறக்கும் செலவும், அதற்குள் வாடும் பயிரும், மிளகுக்கும் குறைவான எடையுள்ள ஓர் எறும்பால் வந்தவை. அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இதே கதைதான். அங்கே பயிருக்குப் பதில், காலை 7 மணிக்குத் தண்ணீர் வராத குழாய்.

எறும்புக்கும் ஸ்பிரே தீர்வில்லை. வீட்டுக்குள் கூடுகட்டும் சில குட்டி எறும்பு இனங்களில் ஒரே கூட்டில் பல ராணிகள் இருக்கும். மருந்தடித்துக் கலைத்தால், ஒவ்வொரு ராணியும் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடும். இதற்கும் இரைதான் வழி. அரை லிட்டர் தண்ணீரில் நான்கு டேபிள் ஸ்பூன் சர்க்கரை, ஒரே ஒரு டீஸ்பூன் போரிக் பவுடர். நன்றாகக் கரைத்துப் பஞ்சில் நனைத்து, பழைய பாட்டில் மூடியில் வைத்து, எறும்பு வரிசை போகும் பாதையில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பாட்டிலில் மீதியிருப்பதன் மேல் ‘விஷம்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். பார்ப்பதற்கு வெறும் தண்ணீர் மாதிரியே இருக்கும். போரிக்கைக் கூட்டிப் போட்டால் சீக்கிரம் சாகுமே என்று நினைக்காதீர்கள். வழியிலேயே செத்துவிட்டால் ராணிக்கு ஊட்ட ஆள் இருக்காது. முதல் இரண்டு நாள் எறும்பு கூடுதலாக மொய்க்கும். பொறுமையாக விடுங்கள்.

ஸ்விட்ச் பாக்ஸைப் பொறுத்தவரை மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சுத்தம் செய்து, கருகிய ஸ்விட்ச்சை மாற்றி, பாக்ஸுக்குள் வந்து முடியும் வயர் குழாயின் வாயைச் சிலிகான் சீலன்ட்டால் அடைத்துத் தரச் சொல்லுங்கள். சீலன்ட் வேலையை நீங்கள் கேட்டால்தான் செய்வார். ஸ்விட்ச் போடும்போது டப்டப் என்று சத்தமோ கருகல் வாடையோ வந்தால் நாளை பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

டி.வி. திரையில் நகரும் புள்ளி

மழைக்காலத்தில் கண்ணுக்கே தெரியாத குட்டிப் பூச்சிகள் எல்.இ.டி. டி.வி-யின் ஓரத்து இடுக்கு வழியாக வெளிச்சத்தைத் தேடி உள்ளே போய்விடும். திரைக்கும் பின்னாலிருக்கும் ஒளிப்பலகைக்கும் நடுவே அது நடப்பது நமக்குத் தெரியும். இங்கிலாந்தில் கோடைக்கால அறுவடை நேரத்தில் இலைப்பேன்கள் இப்படிக் கம்ப்யூட்டர் மானிட்டருக்குள் புகுவது வருடா வருடம் நடக்கும் தொல்லை.

செய்யவே கூடாதது ஒன்றுதான்: விரலால் அழுத்துவது. அழுத்தினால் அது அங்கேயே நசுங்கி, டி.வி. இருக்கும் காலம் வரை கறுப்புப் புள்ளியாக நிற்கும். டி.வி-யை அணைத்து, அறை விளக்குகளையும் அணைத்து, டி.வி-யின் ஓரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்றானதும் வந்த வழியே வெளியேற வாய்ப்பு அதிகம்.

போனுக்குள் எறும்பு போனாலும் பதற்றம் வேண்டாம். சாப்பிட்ட கையோடு போன் பார்ப்பதுதான் பெரும்பாலும் காரணம். ஸ்விட்ச் ஆஃப் செய்து, கவரைக் கழற்றி, வெள்ளைத் தாளின் மேல் வைத்துவிடுங்கள். சூடு தணிந்ததும் ஒவ்வொன்றாக வெளியே வரும். ஹேர் ட்ரையர் காட்டுவது, ஊசி விட்டுக் குத்துவது, சார்ஜர் துளையில் ஊதுவது எல்லாம் எறும்பைவிட அதிகச் சேதம் செய்யும்.

கம்ப்யூட்டர் பிழையை ‘பக்’ என்று சொல்கிறோமே, அதற்கும் பூச்சிக்கும் நிஜமாகவே ஒரு சந்திப்பு நடந்திருக்கிறது. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் 2 கம்ப்யூட்டர் தகராறு செய்ய, தேடிப் பார்த்தால் ஒரு ரிலேயின் முனைகளுக்கு நடுவே அந்துப்பூச்சி ஒன்று சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, கண்டுபிடிக்கப்பட்ட முதல் நிஜப் பூச்சி என்று வேடிக்கையாகக் குறித்து வைத்தார்கள். கோளாறை ‘பக்’ என்று சொல்லும் வழக்கம் எடிசன் காலத்திலேயே இருந்ததால்தான் அது வேடிக்கை. அந்தப் பதிவேடு, பூச்சியோடு, இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மின்முனைகளுக்கு நடுவே பூச்சி மாட்டுவது மோட்டார் கொட்டகையில் மட்டும் நடப்பதில்லை!

விளம்பரத்தைப் பார்த்து வாங்குவதற்கு முன்...

பிளக்கில் செருகினால் பூச்சி, எலி எல்லாம் ஓடிவிடும் என்று விற்கப்படும் அல்ட்ராசோனிக் கருவிகள் ஆன்லைனில் கொட்டிக் கிடக்கின்றன. இந்த வாக்குறுதிகளுக்கு அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-லேயே 60-க்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் விற்பனையாளர்களையும் எச்சரித்தது. கரப்பான் அந்தக் கருவிக்குள்ளேயே குடியேறினாலும் ஆச்சர்யப்படாதீர்கள். அதுவும் இளஞ்சூடான பெட்டிதானே!

ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் அந்துருண்டை போடும் வழக்கம் கிராமங்களில் உண்டு. திறந்தவெளிக் கொட்டகையில் நடப்பது வேறு, வீட்டுக்குள் வேறு. அந்துருண்டையின் நெடி மூடிய அறையில் கைக்குழந்தைகளுக்கு ஆகாது. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே சிதைத்துவிடும். சமையலறையிலும் தொட்டில் இருக்கும் அறையிலும் வேண்டவே வேண்டாம். தரையில் கோடு போடும் பூச்சி சாக்பீஸும் அப்படித்தான். பிள்ளைகள் ஸ்லேட்டில் எழுத எடுத்துவிடுவார்கள்.

பழைய பொருள் வாங்கும்போது

ஜெர்மன் கரப்பான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதற்கு மிகச் சுலபமான வாகனம், செகண்ட் ஹேண்ட் ஃப்ரிட்ஜும் மைக்ரோவேவும்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்து அறை எடுத்துத் தங்கும் இளைஞர்கள், வாடகை வீட்டுக்கு முதல்முறை குடிபோகும் தம்பதிகள் விலையைப் பார்த்துச் சந்தோஷமாக வாங்கிவிடுவார்கள். கூடவே ஒரு குடும்பம் இலவசமாக வருவது ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும்.

வாங்கும் முன் ஃப்ரிட்ஜைத் திருப்பச் சொல்லி, கம்ப்ரஸர் இருக்கும் பள்ளத்தில் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். கதவின் ரப்பர் மடிப்புகளை விரித்துப் பாருங்கள். மிளகுத்தூள் புள்ளிகள், காய்ந்த தோல், பழுப்பு நிற முட்டைப்பை தென்பட்டால், ஒன்று வேண்டாம் என்று சொல்லுங்கள், அல்லது சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். வாங்கியே ஆக வேண்டுமென்றால் நேராகச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் பால்கனியிலோ வராந்தாவிலோ வைத்து ஜெல் வைத்து, மூன்று வாரம் கழித்து உள்ளே எடுங்கள்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போதும் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ‘அண்ணா, உள்ளே கரப்பான் இருக்குன்னு நினைக்கிறேன்’ என்று போனிலேயே சொல்லிவிட்டால் அவர் அதை வெளியில் வைத்துத் திறப்பார். கடையில் அடுத்த மேசையில் இருக்கும் இன்னொரு வீட்டு மிக்ஸிக்கு அவை தாவாது. திரும்பி வரும் உங்கள் மிக்ஸியோடும் யாருடைய வீட்டுக் கரப்பானும் வராது. வந்த பின் இரண்டு மாதங்களுக்கு, வாரம் ஒருமுறை இரவில் லைட்டை அணைத்து அரைமணி கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள். ஒன்றுகூடத் தென்படவில்லை என்றால் வேலை முடிந்தது. ஒன்று தெரிந்தாலும், ஜெல் குழாயை எடுங்கள்.